மூக்குமின்னிக்கு முன் கேட்கப்பட்ட கேள்விகள்: கிளிநொச்சி அழகு நிலையம் ஒன்றின் மதிப்புரை

கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தையற்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கிவரும் சிறிய அழகு நிலையத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. அங்கே மணப்பெண் அலங்காரம், முடி வெட்டுதல், புருவம் திருத்துதல் ஆகியவற்றோடு காதும் மூக்கும் குத்திவிடுகிறார்கள். நான் எழுதப்போவது கடைசியாகச் சொன்ன சேவையைப் பற்றி மட்டுமே. அதிலும், மார்புப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்ணொருத்தி அந்தக் கதிரையில் போய் அமர்ந்தால் அவளுக்கு என்ன கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்பதே என் அக்கறை. நிலையத்தை நடத்தும் பெண் தம் பெயரையோ நிலையத்தின் பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் இப்போது கொடுக்கும் நேரத்தைக் கொடுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். மதிக்கத்தக்க காரணம் என்பதால் நானும் அதற்குக் கட்டுப்படுகிறேன்.

மூக்குக் குத்திக்கொள்ள வேண்டிய தேவை என்ன என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது மார்பையும் அந்தப் பக்கத்து அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றினார்கள். அதன் பின் கீமோவும் கதிரியக்கச் சிகிச்சையும் நடந்தன. இப்போது நோய் திரும்பாமலிருக்க நாள்தோறும் ஒரு தமொக்சிபென் மாத்திரை எடுக்கிறேன். இப்படி மீண்டு வந்த ஒருத்தியைக் கண்டதும் வன்னியில் சனங்கள் அன்போடு சொல்வது, "உயிர் தப்பினதே காணும்" என்பதுதான். போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்த மண்ணில் எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன ஆறுதல் அது. வீட்டை இழந்தவருக்கும் சொன்னோம், காலை இழந்தவருக்கும் சொன்னோம், பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் வேறொன்றும் சொல்லத் தெரியாமல் அதையே சொன்னோம். அதில் பொய் இல்லை. ஆனாலும் அந்த ஆறுதலின் அடியில், தப்பியவள் இனி வேறெதற்கும் ஆசைப்படக் கூடாது என்ற கட்டளையும் கிடக்கிறது. தன் உடம்பு தனக்கு அந்நியமாகிவிட்டது என்று அவள் சொன்னால், கிடைத்த உயிருக்கு நன்றியில்லாதவள் என்று பெயர் வாங்கிக்கொள்கிறாள்.

என் உடம்பு எனக்கு அந்நியமாகித்தான் போயிருந்தது. சிறுவயதில் காது குத்தும்போது என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வயதில் யாரிடமும் கேட்பதில்லை. மார்பை அகற்றுவதற்கு முன் கேட்டார்கள், கையொப்பமும் வாங்கினார்கள். ஆனால் மாட்டேன் என்று சொல்வதற்கு இடமில்லாத கேள்வி அது. என் உடம்பைப் பற்றி, மாட்டேன் என்றும் சொல்லக்கூடிய ஒரு கேள்வி என்னிடம் கேட்கப்பட வேண்டும் என்று விரும்பினேன். மூக்குமின்னி அதற்கு ஏற்றதாக இருந்தது. அதில்லாமல் எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் அது முழுக்க முழுக்க என் விருப்பமாக இருக்க முடிந்தது.

இந்த விருப்பம் எனக்கு மட்டும் வந்த புதுமையன்று. கதிரியக்கச் சிகிச்சை என்றால் கொழும்புக்கு அருகேயுள்ள மகரகமவுக்குத்தான் போக வேண்டும், அங்கே தங்க இடம் தேட வேண்டும், மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும் என்றிருந்த காலம் வன்னிப் பெண்கள் பலருக்கு நினைவிருக்கும். 2011ஆம் ஆண்டில் தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை நடைபயணம் போய்த் திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்த பிறகு, எங்களுக்கு அந்தப் பயணம் யாழ்ப்பாணத்துப் பஸ் ஏறும் தூரமாகச் சுருங்கியது. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமானது மார்புப் புற்றுநோய். சிகிச்சை கைக்கெட்டும் தூரத்துக்கு வர வர, சிகிச்சை முடிந்து ஊரில் வாழ்கிற பெண்களும் கூடுகிறார்கள். கிளினிக் வாங்கில் காத்திருக்கும்போது நாங்கள் பேசிக்கொள்வது மாத்திரைகளைப் பற்றி மட்டுமல்ல. தோடு திரும்பப் போட்டாயா, காதுத் துளை தூர்ந்துவிட்டதா, சேலைக்குள் பஞ்சுத் திண்டை எப்படி வைத்தால் நகராமல் நிற்கும் என்பவையும் அங்கே பேசப்படுகின்றன.

இந்த நிலையத்துக்கு வருவதற்கு முன் வேறொரு கடைக்குப் போயிருந்தேன். வன்னிக்கு வெளியே, நகை விற்கும் இடம். மூக்குக் குத்த வேண்டும் என்றதும், கண்ணாடிப் பெட்டியிலிருந்து, துப்பாக்கி போன்ற, குத்தும் கன்னை (gun) எடுத்து, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் அதன் முனையைத் துடைத்து, தலையைச் சாய்க்கச் சொன்னார்கள். எனக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது என்று சொன்னேன். "அது ஒண்டும் செய்யாது அக்கா, ஒரு செக்கன்தான்" என்று பதில் வந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நாளொன்றுக்கு எத்தனையோ குழந்தைகளுக்கு அப்படித்தான் காது குத்துகிறார்கள். ஆயினும் அந்தக் கன்னைப் பற்றிச் சில விடயங்கள் எங்கள் பக்கத்தில் பரவலாகத் தெரிய வேண்டும். அதன் உடல் பெரும்பாலும் பிளாஸ்ரிக்கால் ஆனது. ஆகவே நீராவியின் வெப்பத்தில் அவித்துக் கிருமி நீக்க முடியாது. ஸ்பிரிட்டால் துடைப்பது கிருமி நீக்கம் ஆகாது. அது கூர்மழுங்கிய ஒரு தண்டை வில்லின் விசையால் சதைக்குள் தள்ளுகிறது. சதை வெட்டுப்படாமல் நசுங்கி வழிவிடுகிறது. மூக்கிலும் காதின் மேற்பகுதியிலும் இருப்பது குருத்தெலும்பு. அதற்குக் குருதியோட்டம் குறைவு என்பதால், நசுங்கிய இடத்தில் தொற்று ஏற்பட்டால் எளிதில் ஆறாது; காதின் வடிவமே சுருங்கிப்போனவர்களும் உண்டு. நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருத்தி அந்த ஒரு செக்கனுக்கு நீண்ட காலம் விலை கொடுக்க நேரிடும்.

கிளிநொச்சி நிலையத்தில் எனக்கு முதலில் கிடைத்தது மறுப்பு. அதை நான் இந்த இடத்தின் முதற்சிறப்பாக எழுதுகிறேன். படியேறி வந்து மூச்சு வாங்கிய எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் ஒரு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். கடைசியாகக் கீமோ ஏற்றியது எப்போது, கதிரியக்கம் எந்தெந்த இடங்களில் கொடுத்தார்கள், குருதி உறைவதைத் தடுக்கும் அஸ்பிரினோ வார்பரினோ எடுக்கிறேனா, நீரிழிவு உண்டா, எந்த உலோகத்துக்காவது தோல் கடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எவர்சில்வர் மணிக்கூட்டுப் பட்டி கையில் பட்டால் அரிக்குமா என்று கேட்டபோது எனக்குக் காரணம் விளங்கவில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களை அப்படித்தான் கண்டுபிடிக்க முடிகிறது என்று விளக்கினார்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கமாட்டேன். "ஒப்பரேசன் தழும்பு எப்பிடி ஆறினது அக்கா? தடிச்சு எழும்பினதோ, தட்டையா இருக்குதோ?" என்றார். சிலருடைய தோலில் காயம் ஆறும்போது தழும்பு நின்றுவிடாமல் காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து வளரும். அதைக் கீலொயிட் என்பார்கள். எங்களைப் போன்ற கருநிறத் தோலில் அதற்கான வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்திலும் அது உருண்டையாக வளர்ந்துவிடுவதுண்டு. நெஞ்சில் இவ்வளவு நீளமான காயம் எப்படி ஆறியது என்பது, மூக்கில் போடப்போகும் சிறு காயம் எப்படி ஆறும் என்பதற்கு நல்லதொரு சாட்சி. அவருக்குத் தேவைப்பட்டது அந்தச் சாட்சி மட்டுமே. திரைச்சீலையை இழுத்துவிட்டு, சட்டையின் மேற்பொத்தான்களைக் கழற்றி, அக்குளை நோக்கிப் போகும் தழும்பின் நுனியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். தொடலாமா என்று கேட்டு, நான் தலையசைத்த பிறகு, விரல் நுனியால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "வடிவா ஆறியிருக்குது. தோல் நல்ல தோல்" என்று சொல்லிக் கொப்பியில் எழுதினார்.

வைத்தியர்களையும் தாதியரையும் தவிர அந்தத் தழும்பைப் பார்த்த முதல் ஆள் அவர். உறவினர்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் கண் கலங்கிவிடுகிறார்கள். இவர் கலங்கவில்லை. என் தோலைப் பற்றி ஒரு நல்ல செய்தியை அந்தத் தழும்பிலிருந்தே எடுத்துச் சொன்னார். இதைச் சேவை என்று எந்த விலைப்பட்டியலிலும் எழுதமுடியாது என்றாலும், நான் இந்த இடத்துக்கு மதிப்பெண் போடுவதாயின் பாதிக்கு மேல் இதற்கே போடுவேன்.

அப்படியிருந்தும் அன்று குத்த மறுத்துவிட்டார். "உங்கட டொக்டரிட்டக் கேட்டு எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ அக்கா. கடை எங்கையும் ஓடிப்போகாது" என்றார். ஆகவே அடுத்த கிளினிக்கில் கேட்டேன். வைத்தியர் வியக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அண்மையில் எடுத்த குருதிப் பரிசோதனையில், கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களின் எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, கிளினிக் கொப்பியில் தடையில்லை என்று எழுதினார். கீமோ ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் கேட்டிருந்தால் ஒருபோதும் விட்டிருக்கமாட்டேன் என்றும் சொன்னார். மருந்து ஏற்றிய பின் ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் வெண்குழியங்கள் மிகத் தாழ்ந்துவிடும். அந்த நேரத்தில் ஊசிமுனை அளவு காயத்தின் வழியே போகும் கிருமியும் உடம்பெங்கும் பரவிவிடலாம். அப்போது 38 பாகை செல்சியசுக்குக் காய்ச்சல் ஏறினால் பரசிற்றமோலைப் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இடது பக்கத்தில் குத்தலாமா என்ற கேள்வி என்னை மிகவும் உறுத்தியது. அக்குள் முடிச்சுகளை எடுத்த நாளிலிருந்து, இடக்கையில் ஊசி குத்தவோ, இரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதே, காயம் படாமல் பார்த்துக்கொள், கை வீங்கிவிடும் என்று சொல்லிச் சொல்லி, உடம்பின் இடப்பக்கம் முழுவதையும் தீண்டக்கூடாத பகுதியாகவே நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஊசிகள் அத்தனையும் வலக்கைக்கே போனதால் அதன் நரம்புகள் கறுத்து இறுகிக் கிடந்தன. வைத்தியர் விளக்கினார்: அக்குள் முடிச்சுகளுக்கு வடிவது கையின் நிணநீரும் மார்புச் சுவரின் நிணநீரும்; மூக்கிலிருந்தும் காதுச் சோணையிலிருந்தும் வடிவது தாடைக்குக் கீழும் காதைச் சுற்றியும் கழுத்திலும் உள்ள முடிச்சுகளுக்கு. எனக்குக் கதிர் கொடுத்த பரப்பும் காறை எலும்புக்குச் சற்று மேலோடு நின்றுவிட்டது. ஆகவே இடது மூக்கும் இடது காதும் என்னுடையவையே. கழுத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், கழுத்து முழுவதும் கதிர் வாங்கியவர்களுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அவரவர் தத்தம் வைத்தியரிடம் கேட்டறிவதே முறை.

கொப்பியோடு மறுபடி போனபோது, அவர் என்னிடம் எந்தப் பக்கமாகச் சரிந்து படுப்பேன் என்று கேட்டார். சத்திரசிகிச்சைக்குப் பின் இடப்பக்கம் சரிந்து படுக்க முடிவதில்லை என்றேன். அப்படியானால் இடப்பக்கமே நல்லது, தலையணை அழுத்தாது, சீக்கிரம் ஆறும் என்றார். நோய் என்னிடமிருந்து பறித்த ஒரு வசதி இன்னொன்றுக்கு உதவியாக அமைந்ததைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டானது. மூக்கோடு, இடது காதுச் சோணையில் பழைய துளைக்கு மேலே இன்னொரு துளையும் வேண்டும் என்றிருந்தேன். பழைய துளை சிமிக்கியின் பாரத்தில் நீண்டு இழுபட்டுவிட்டதால் அதற்கு இடம் விட்டு மேலே குத்த வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் செய்ய மறுத்தார். உடம்பு ஒரு காயத்தை ஆற்றி முடிக்கட்டும், பிறகு அடுத்ததைப் பார்க்கலாம் என்பது அவர் கட்சி.

குத்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனைய கடைகளை அளக்க அது உதவும். முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். இடுக்கியும் மின்னியும் இருந்த காகித உறைகளை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார். அவை ஓட்டோகிளேவில், அதாவது 121 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அழுத்த நீராவியில், கிருமி நீக்கப்பட்டவை. உறையின் ஓரத்திலுள்ள பட்டை நிறம் மாறியிருந்தால்தான் அந்தச் சூடு அதற்குக் கிடைத்திருக்கிறது என்று பொருள். ஊசி ஒருமுறை மட்டும் பாவிப்பது. அதன் உறையை என் கண் முன்னால் கிழித்தார். பிறகு கையுறை மாட்டினார். உள்ளே துளையுள்ள அந்த ஊசி, கீமோ மருந்து ஏற்றக் கையில் செருகும் கனியூலாவின் ஊசியை ஒத்திருந்தது. அதைக் கண்டதும் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவர் அதைக் கவனித்து, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "வேண்டாமெண்டா இப்பவும் விடலாம் அக்கா" என்றார். நான் எதிர்பார்த்துப் போன கேள்வி அதுதான்.

பேனையால் மூக்கில் புள்ளி வைத்துக் கைக்கண்ணாடியைக் கொடுத்தார். எனக்கு அது சற்றுத் தாழ்வாகப் பட்டது. அழித்துவிட்டு மேலே வைத்தார். அப்போதும் திருப்தியில்லை, சிறிது பின்னே தள்ளச் சொன்னேன். முகம் சுளிக்காமல், நான் போதும் என்று சொல்லும்வரை புள்ளியை மாற்றிக்கொண்டே இருந்தார். கீமோவில் உதிர்ந்த புருவம் மீண்டும் முளைத்திருந்தாலும் ஓரங்களில் அடர்த்தியாக வரவில்லை. அந்தக் குறையோடு சேர்த்து முகத்தை அளந்து, எந்த இடத்தில் மின்னி நின்றால் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும் என்று அவரும் நானும் ஆலோசித்தோம். வெகுகாலத்துக்குப் பிறகு என் முகத்தை, எதை இழந்தது என்று பார்க்காமல், எது பொருந்தும் என்று பார்த்தேன். ஊசி போனபோது பச்சைமிளகாயைக் கடித்தாற்போல் சுரீரென்றது. இடக்கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூக்குக் குத்தினால் எவருக்கும் கண்ணீர் தானாக வரும் என்று முன்னரே சொல்லியிருந்தார். மெல்லிய துணியை என் கையில் கொடுத்துவிட்டு, துடைத்து முடிக்கும்வரை பேசாமல் நின்றார்.

அவர் போட்டுவிட்டது டைட்டேனியத்தால் ஆன, உட்புறம் தட்டையான சிறிய மின்னி. தங்கம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் வழக்கம் 22 கரட். அதில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் இருந்தாலும், மிக மென்மையான உலோகம் ஆகையால் அதில் எளிதாகக் கீறல் விழும், கீறலில் அழுக்குச் சேரும், பச்சைக் காயத்துக்கு அது நல்லதன்று என்றார். தரங்குறைந்த தங்கத்தில் கலந்திருக்கும் நிக்கலோ அதைவிட மோசம். முறிந்த எலும்பின் மேல் வைத்துத் திருகாணியால் பொருத்தும் தகடுகளையும் டைட்டேனியத்தில் செய்கிறார்கள். உடம்பு அதை எதிர்ப்பதில்லை, காந்தமும் அதை இழுப்பதில்லை. எங்களைப் போன்றோருக்கு இது முக்கியம். பின்னாளில், வலிய காந்தத்தால் உடம்பின் உட்புறத்தைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால், கழற்றச் சொல்கிறார்களா என்று அங்கே கேட்க வேண்டும். சொன்னால் துளை தூராதபடி கண்ணாடித் தண்டொன்றை மாற்றிவிடுவதாக உறுதியளித்திருக்கிறார். மின்னிக்கும் குத்திய கூலிக்கும் சேர்த்து ஐயாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. நகைக்கடையில் கேட்ட கூலியோடு ஒப்பிட்டால் இது கூடுதல்தான். ஆனால் முதலில் போடும் தண்டு வீக்கத்துக்கு இடம் கொடுக்கும்படி சற்று நீளமாக இருக்கும். சில வாரங்களில் வீக்கம் வற்றியதும் குட்டையான தண்டு மாற்றுவதற்கு அவர் தனியாகப் பணம் வாங்கவில்லை. காயம் முற்றாக ஆறிய பிறகு பத்தரிடம் கொடுத்துத் தங்கத்தில் செய்விக்கலாம். அப்போது தண்டின் தடிப்பை அளந்து எழுதித் தருவதாகச் சொன்னார். பழைய சுரை வைத்த மின்னிகளின் தண்டு பல தடிப்புகளில் இருப்பதால் இந்த அளவு அவசியம்.

பராமரிப்பு முறையை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுத் தந்தார். பாமசியில் விற்கும் நோர்மல் சேலைனால், அதாவது 0.9 சதவீத உப்புநீரால், நாளுக்கு இருமுறை நனைத்துத் துடைப்பது போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட், ஐதரசன் பெரொட்சைட்டு எதுவும் வேண்டாம். துளை ஒட்டிவிடும் என்று பயந்து மின்னியைத் திருகிக்கொண்டே இருக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அது ஆறிவரும் சதையை ஒவ்வொரு முறையும் கிழிக்கிறது. நகைகளை விற்றும் அடகு வைத்தும் இடம்பெயர்ந்த காலத்தில், காதுத் துளை தூராமலிருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்ட பெண்களை நான் அறிவேன். ஆறிய பழந்துளைக்கு அது ஒத்துவந்திருக்கலாம். புதுக் காயத்தில் கூடாது என்று அந்தத் தாளில் தனி வரியாகவே போட்டிருக்கிறார். குளத்திலும் வாய்க்காலிலும் தலை முழுகக் கூடாது என்பது இரணைமடுத் தண்ணீரில் வளர்ந்த எங்களுக்குக் கடினமான கட்டுப்பாடுதான். சோளகக் காற்று செம்மண் புழுதியைக் கிளப்பும் மாதங்களில் வெளியே போகும்போது மெல்லிய துணியால் மூக்கை மறைக்கச் சொன்னதும் இந்த ஊரை அறிந்தவர் சொல்லும் புத்தி. காதுச் சோணை ஆற 6 முதல் 8 வாரங்கள் போதும். மூக்கு முழுமையாக ஆறப் பல மாதங்கள் எடுக்கும்.

தாளில் இல்லாத ஒன்றை எனக்காகச் சொன்னார். என் இடக்கையைத் தோளுக்கு மேல் முழுதாக உயர்த்த முடியாததால், தலைவழியாகக் கழற்றும் சட்டைகளை ஒருபக்கமாக இழுத்துத்தான் கழற்றுகிறேன். அந்த இழுப்பில் துணி மின்னியில் மாட்டிக்கொள்ளும், ஆறும்வரை முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளையே போடுங்கள் என்றார். நான் என் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படியேறி வந்து கைப்பையை இறக்கி வைத்த விதத்தைப் பார்த்தே அறிந்திருக்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். படிக்கட்டு ஒடுங்கலானது, செங்குத்தானது, கைபிடி ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. கீமோவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் செயற்கைக் கால் அணிந்தவர்களுக்கும் அது ஆபத்து. வன்னியில் கடை நடத்தும் எவரும் இதை யோசித்தே ஆக வேண்டும். இன்னொன்று இதைவிட நுட்பமானது. காத்திருக்கும் இடமும் மணப்பெண் அலங்காரம் நடக்கும் இடமும் ஒன்றே. எதிரே சுவர் முழுவதும் கண்ணாடி. நீண்ட கூந்தலில் பூ வைத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அருகே, விரலளவு முடியோடு, ஒரு பக்கம் தட்டையான நெஞ்சோடு அமர்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லோராலும் தாங்கக்கூடியதன்று. என்னோடு ஒருமுறை துணைக்கு வந்த தோழி, அவரும் சிகிச்சை பெற்றவர், பாதியில் எழுந்து கீழே போய் நின்றுகொண்டார். நான் இதை நிலையக்காரரிடம் சொன்னேன்; காலை வேளையில் எங்களைப் போன்றோருக்கு நேரம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் கதவு வைத்த தனியறை ஒன்றே சரியான தீர்வு. மின்சாரம் தடைப்பட்டால் ஓட்டோகிளேவ் ஓடாது, முன்பதிவு தள்ளிப்போகும். தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அது வீண் அலைச்சல். மின்னிகளில் தெரிவும் குறைவு: கொழும்பிலிருந்து எடுப்பிப்பதால் வெள்ளைக்கல், ஒன்றிரண்டு நிறக்கல், வெறும் குமிழ் அவ்வளவே.

பலன் என்ன என்று கேட்டால், மூக்குமின்னி மார்பைத் திருப்பித் தரவில்லை. உடை மாற்றும்போது இன்றும் மனம் ஒரு கணம் தயங்குகிறது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் பயம் அப்படியே இருக்கிறது. மாறியது வேறொன்று. முன்பெல்லாம் என்னைக் காண்பவர்களின் கண் முதலில் நெஞ்சுக்குப் போய், பிறகு சங்கடத்தோடு முகத்துக்கு ஏறும். அந்தச் சிறு பயணத்தை நான் ஒவ்வொரு முறையும் கண்டுகொண்டிருந்தேன். இப்போது முதலில் மூக்குக்கு வருகிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது, நெடுங்காலம் காணாதிருந்த பெண்ணொருத்தி சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எப்ப குத்தினனீ? வடிவாக் கிடக்குது" என்று சொன்ன பிறகுதான் என் சுகத்தை விசாரித்தார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. அயலிலுள்ள மூதாட்டி ஒருவர், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தார். அவருக்கு இரு பக்கமும் மூக்குக் குத்திய துளைகள் உண்டு. கணவர் இறந்த பின் கழற்றியவை. என் மின்னியை நெடுநேரம் பார்த்துவிட்டு, கல் எங்கே வாங்கியது என்று கேட்டார். பெண் எப்போது அணியலாம், எப்போது கழற்ற வேண்டும் என்பதை அவளைத் தவிர மற்றெல்லோரும் தீர்மானிக்கும் ஊரில் அந்தக் கேள்வியே பெரிது என்று நான் கருதுகிறேன்.

இந்த நிலையத்தில் கழுத்துக்குக் கீழே எந்த இடத்திலும் குத்துவதில்லை. வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் சொல்லி, மீளமைத்த மார்பில் வளையம் போடலாமா என்று கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். அது சரியான மறுப்பு. கதிர் பட்ட தோலுக்குக் குருதியோட்டம் குறைந்திருக்கும், காயம் எளிதில் ஆறாது. உள்ளே செயற்கை உறுப்பு வைத்திருந்தால் தொற்று அதுவரை போய்விடும். சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்கள், கீலொயிட் வளரும் தோலுடையவர்கள், சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஆகியோரும் இப்போதைக்குப் போக வேண்டியதில்லை.

போவதாக இருந்தால் முன்கூட்டியே அழைத்து, அன்று மின்வெட்டு அறிவித்திருக்கிறார்களா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சுபமுகூர்த்த நாட்களையும் அவற்றுக்கு முந்திய நாட்களையும் தவிருங்கள். கிளினிக் கொப்பியையும் அண்மைய குருதிப் பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டு, வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். படியேற முடியாதவர்கள் அழைக்கும்போதே அதைச் சொன்னால், கீழே தையற்கடையின் பின்னறையில் வைத்து முதற்கட்டக் கேள்விகளைக் கேட்டுவிட அவர் இறங்கி வருகிறார்.